மஞ்சில் நகர்ந்தவன்

“மஞ்சுல எனக்கு ஒண்ணும் தெரியல, மாஸ்டர்.”

“மஞ்சுல யாருக்கும் தெரியாது.”

“மத்தவங்களுக்குத் தெரியாட்டி பரவாயில்ல. ரெஃப்ரிக்குத் தெரிஞ்சாகணும்.”

“முதல்ல உட்காருங்க.”

“இருக்கட்டும். நின்னே பழக்கம்.”

ஆனால் அருளப்பன் நிற்கவில்லை. வாசற்படிக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்தார். ஜன்னல் வந்ததும் திரும்பினார். வாசற்படி வந்ததும் திரும்பினார்.

அவர் மலைப்பாதைப் பேருந்தில் கண்டக்டர். ஓடும் வண்டியில், வளைவுக்கு வளைவு சாய்ந்து, முன்னும் பின்னும் நடந்தே தலை நரைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். இரண்டு வேலைக்கும் ஒரே விசில்.

போஜன் மாஸ்டர் அவருக்கு முன்னால் அதே மைதானத்தில் விசில் ஊதியவர். முழங்கால் விட்டுப்போன பிறகு கீழே இறங்குவதில்லை. வீட்டுச் சரிவில் கேரட் போட்டிருந்தார். அப்போது ஒரு வாளித் தண்ணீரில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

*

மூடுபனியை அந்த மலையில் மஞ்சு என்பார்கள்.

அது மேலிருந்து விழுவதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும். முதலில் தேயிலை மறையும். பிறகு சில்வர் ஓக் மரங்கள். பிறகு மாதா கோயிலின் மணிக்கூண்டு. கடைசியில் மைதானம்.

மஞ்சு ஏறினால் ஆட்டத்தைக் கலைப்பதில்லை. கலைத்தால் அந்த மலையில் ஒரு ஆட்டமும் முடியாது. நடுவர் நீளமாக ஒரு விசில் ஊதிப் பந்தை எடுத்துக்கொள்வார். ஆட்டக்காரர்கள் அவரவர் நின்ற இடத்தில், ஈரப் புல்லில், உட்கார்ந்துவிட வேண்டும். மஞ்சு விலகும்வரை யாரும் நகரக் கூடாது. விலகியதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஆடுவார்கள்.

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை.

ஆனால் அந்த மலையில், அடுத்தவன் காலை உடைத்தவனை மன்னித்திருக்கிறார்கள். மஞ்சில் நகர்ந்தவனை மன்னித்ததில்லை. அதற்கு மஞ்சுத் திருட்டு என்று பெயர்.

*

“ஓடைமேட்டுக்கும் சில்வர்காட்டுக்கும் ஆட்டம்” என்றார் அருளப்பன். “போன மாசம். மஞ்சு ஏறிச்சு. ஊதினேன். அப்ப ஓடைமேட்டு ஏழாம் நம்பர், இடப்பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வெளியே இருந்தான். கம்பத்துக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கலாம். என் கண்ணால பார்த்தேன்.”

“சரி.”

“மஞ்சு விலகிச்சு. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கான். கோலுக்கு நேரா!”

“கோடு?”

“சுண்ணாம்புக் கோடெல்லாம் மழையில கரைஞ்சுபோச்சு. சில்வர்காட்டு ஆளுங்க ‘திருட்டு, திருட்டு’ன்னு கத்தறாங்க. கிரவுண்டே எழுந்து நிக்குது.”

“மிச்சப் பேரெல்லாம் எங்கே இருந்தாங்க?”

“யாரு?”

“மத்த ஆட்டக்காரங்க.”

அருளப்பன் ஜன்னலருகே நின்றார்.

“பார்க்கல. கத்தின பக்கம்தான் பார்த்தேன்.”

மாஸ்டர் ஒரு கேரட்டின் மண்ணை விரலால் தேய்த்தார்.

“சிவப்பு அட்டை காட்டினேன். ‘நான் நகரலை சார், நகரலை சார்’னு சொல்லிக்கிட்டே போனான். மைதானத்தை விட்டு வெளியே போயும் சொன்னான். அந்தக் குரல் எனக்கு வண்டியிலயும் கேக்குது, மாஸ்டர். யாராவது ‘சார்’னு கூப்பிட்டாலே திடுக்குங்குது.”

“ம்.”

“நானும் சும்மா இல்ல. கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். காலையில ஏத்தத்துல ஓடறேன். சட்டமெல்லாம் மனப்பாடம். வெளிநாட்டு ஆட்டத்தைப் போன்ல போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கறேன். அவங்க எங்கெங்க நிக்கறாங்க, எப்படித் திரும்பறாங்கன்னு. ஆனா அங்க அவ்வளவு கேமரா வச்சிருக்காங்க. எனக்கு இந்த ரெண்டு கண்ணுதானே.”

“அவங்க ஊர்ல மஞ்சு இல்லையா?”

“விளையாடாதீங்க மாஸ்டர்.”

அருளப்பன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம். அதே ரெண்டு அணி. அவனுக்குத் தடை முடிஞ்சிருச்சு. நான்தான் ரெஃப்ரி. அதுக்குள்ள எனக்குத் தெரியணும். அவன் நகர்ந்தானா, இல்லையா. நகரலைன்னா, ஒரு குத்தமும் பண்ணாதவனை ஊர் முன்னாடி திருடன்னு சொல்லிட்டேன். அப்புறம் இந்த விசில் எனக்கு வேண்டாம். வண்டியில வாயாலயே ‘ரைட்’ சொல்லிக்கிறேன்.”

மாஸ்டர் விசிலைப் பார்த்தார். பிறகு அருளப்பனைப் பார்த்தார்.

“அவன் பேர் என்ன?”

“ஏழாம் நம்பர்.”

“நம்பரைக் கேக்கல.”

“பேர் தெரியாது, மாஸ்டர். நம்பர்தான் எழுதிக் குடுக்கணும்.”

“மத்தவங்க பேர்?”

“ரெண்டு கேப்டன் பேரும் தெரியும். அதுவும் அவங்க சண்டைக்கு வர்றதால.”

மாஸ்டர் சிரித்தார். கடைசிக் கேரட்டைக் கூடையில் வைத்துவிட்டு, வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

“பேரெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

“அதுக்கும் மஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?”

“விசிலை மறந்துடாதீங்க. வண்டி கிளம்பணுமில்ல?”

*

“டிக்கெட், டிக்கெட். எங்கே போகணும்பா?”

“ஓடைமேடு ஒண்ணு.”

“பேர்?”

“எதுக்கு?”

“சொல்லு.”

“டிக்கெட்டுல பேர் எல்லாமா? இது என்ன ரயிலா?”

“சொல்லுடா” என்றது பின்சீட்டு. “மேல் பெர்த் குடுப்பாரு. காலை நீட்டிப் படுத்துட்டுப் போ.”

வண்டி முழுக்கச் சிரித்தது. அருளப்பனும் சிரித்தார்.

பையன் பெயர் ரத்தினம். ஓடைமேட்டின் தடுப்பாட்டக்காரன். அவன் தம்பியும் அதே அணி. சில்வர்காட்டு கோல்கீப்பர் ஐசக், மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றுபவன். அவர்கள் எல்லோரையும் அவர் தினமும் ஏற்றி இறக்கியிருக்கிறார். யார் எந்த வளைவில் இறங்குவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். யார் சில்லறை தருவார்கள், யார் நோட்டை நீட்டுவார்கள் என்பதும் தெரியும்.

பெயர்தான் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை, பேக்கரி நிறுத்தத்தில் ஏழாம் நம்பர் ஏறினான். சட்டைக் கையில் மாவு. அவனோடு சேர்ந்து வர்க்கியின் மணமும் ஏறியது. கூட்டம் படிவரை நின்றது.

“முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க” என்றார் அருளப்பன், தினமும் சொல்வதுபோல.

“அவனுக்குச் சொல்லாதீங்க கண்டக்டரே” என்றார் ஜன்னலோரம் மப்ளர் கட்டியிருந்த ஒருவர். “மஞ்சு ஏறட்டும். தானா நகர்ந்துடுவான்.”

வண்டி மறுபடி சிரித்தது. இந்த முறை அருளப்பன் சிரிக்கவில்லை.

ஏழாம் நம்பர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். வெளியே ஒன்றும் இல்லை. கண்ணாடியில் மழை.

அருளப்பன் அவனருகே வந்தார்.

“பேர் என்ன, தம்பி?”

“ஏழு.”

“பேர் கேட்டேன்.”

“நீங்க எழுதிக் குடுத்ததுல அதுதானே இருந்துச்சு.” அவன் திரும்பவில்லை. “பேக்கரியில இப்ப மஞ்சுன்னு கூப்பிடறாங்க. எது பிடிக்குதோ அதை வச்சுக்குங்க.”

அடுத்த வளைவில் இறங்கிவிட்டான். அவன் ஊர் இன்னும் வரவில்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மழையில் நடக்கத் தொடங்கினான்.

“கிருபாகரன்” என்றாள் முன்சீட்டில் இருந்த ஒரு பெண். மடியில் ஈரக் குடை. “எங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். நாளன்னைக்கு ஆட மாட்டேங்கறான். அவங்க அம்மா பூட்ஸைத் துடைச்சுத் துடைச்சு வைக்குது, அவன் எட்டிக்கூடப் பார்க்கறதில்ல.”

“அப்படியா?”

“நீங்கதானே அவனை அனுப்பினது?”

“ஆமாம்மா.”

“பார்த்துத்தானே அனுப்பினீங்க?”

அருளப்பன் விசிலை ஊதினார். வண்டி கிளம்பியது.

*

சனிக்கிழமை மத்தியானம் அவர் மறுபடி மேலே ஏறி வந்தார்.

“உட்காருங்க” என்றார் மாஸ்டர்.

“இருக்கட்டும்.”

நடந்துகொண்டே பெயர்களைச் சொன்னார். ஐசக். ரத்தினம். அவன் தம்பி மாணிக்கம். சில்வர்காட்டு கேப்டன் பெள்ளிராஜ். ஒன்றுகூட விடவில்லை. கிருபாகரனைக் கடைசியில் சொன்னார்.

சொல்லி முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே கேரட் பாத்தி மறைந்திருந்தது. மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

“குளிரும், மாஸ்டர்.”

மஞ்சு ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தது. மேஜைமேல் இருந்த டம்ளர் மங்கியது.

“லாசர்” என்று கூப்பிட்டார் மாஸ்டர்.

சத்தமாகக் கூப்பிடவில்லை. ஆனால் முகத்தை வலப்பக்கம் திருப்பி, அங்கே ஒருவர் இருப்பதுபோலக் கூப்பிட்டார். பிறகு பேசாமல் நின்றார். ஒரு குரல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

“ஹாலன்.”

சற்று இடப்பக்கம். மறுபடி மௌனம்.

“சின்னப்பன்… மூசா… கோபி நாயர்… பெரிய ஜார்ஜ்… சின்ன ஜார்ஜ்…”

ஒவ்வொரு பெயரும் வேறு வேறு திசைக்குப் போனது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவர் காத்திருந்தார். அருளப்பன் தன்னை அறியாமல் நடையை நிறுத்தியிருந்தார்.

“யார் மாஸ்டர் இவங்க?”

“அப்ப ஆடினவங்க. மஞ்சு ஏறினா ஒவ்வொருத்தனையா கூப்பிடுவேன். ‘இருக்கேன்’னு குரல் வரும். லாசர் குரல் கட்டை. ஹாலன் வாயைத் திறக்க மாட்டான், ‘ம்’னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மூசா இருக்கானே, அவன் பாட்டு மாதிரி இழுப்பான். ‘இருக்கேனேஏஏ’ன்னு. கிரவுண்டே சிரிக்கும்.”

மாஸ்டரும் சிரித்தார்.

“கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. என் கையே எனக்குத் தெரியாது. ஆனா அவ்வளவு பேரும் கிட்ட இருக்கற மாதிரி இருக்கும். வெயில் நாள்ல அப்படி இருந்ததில்ல. வெயில்ல ஆளாளுக்குத் தனியா ஓடிக்கிட்டிருப்பாங்க.”

“இப்பவெல்லாம் யாரும் பேர் சொல்றதில்ல.”

“அப்ப தோல் பந்து. ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு, மஞ்சு விலகறதுக்குள்ள ஒரு குழந்தை கனம் கனக்கும். மடியில வச்சிருப்பேன். வேட்டி, சட்டை எல்லாம் தோல் வாசனை அடிக்கும். வீட்டுல திட்டுவா. இப்ப திட்டவும் ஆள் இல்ல.”

மாஸ்டர் மங்கிய டம்ளரை விரலால் துடைத்தார்.

“இவங்கெல்லாம் இப்ப எங்கே?”

“லாசர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். போனவன் திரும்பல. ஹாலன் செத்துட்டான். ரெண்டு ஜார்ஜும் செத்துட்டாங்க, சின்னவன்தான் முதல்ல. சின்னப்பன் இருக்கான், காது போயிடுச்சு. மூசா எங்கே இருக்கான்னு தெரியல.”

மாஸ்டர் மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தார். ஆனால் ஜன்னலை மூடவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

“இன்னும் யார், மாஸ்டர்?”

“அவங்க என்னைக் கூப்பிடணும்.”

“உங்களையா?”

“நான் கூப்பிட்டு முடிச்சதும் அவங்க கூப்பிடுவாங்க. நான் பதில் சொல்லணும். அப்பதான் சரி.”

“இப்ப யாரும் இல்லையே.”

“இல்ல” என்றார் மாஸ்டர்.

இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

அருளப்பன் மறுபடி நடக்கத் தொடங்கினார். “எல்லாம் சரி மாஸ்டர். பேர் கேட்டீங்க, தெரிஞ்சுக்கிட்டு வந்தேன். நாளைக்கு ஆட்டம். கிருபாகரன் நகர்ந்தானா, இல்லையா? அதை மட்டும் சொல்லவே மாட்டேங்கறீங்களே.”

“நான் அங்க இல்லையே.”

“நான் இருந்தேனே. எனக்கே தெரியலையே!”

மாஸ்டர் அவருடைய கால்களைப் பார்த்தார். வாசற்படிவரை போய்த் திரும்பி வரும் கால்களை. பிறகு உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்தார். பழைய உருளைக்கிழங்குச் சாக்கு. மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்துபோயிருந்தது.

“நாளைக்கு இதைக் கொண்டுபோங்க.”

“என்ன இது?”

“சாக்கு.”

“அது தெரியுது. எதுக்கு?”

“புல் ஈரமா இருக்கும்” என்றார் போஜன் மாஸ்டர்.

*

“ரைட், ரைட்! கண்டக்டர் வந்தாச்சு. எல்லாரும் டிக்கெட் எடுத்துக்குங்க!”

மைதானத்தின் மேட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. குடைகளும் மப்ளர்களும் வேர்க்கடலைப் பொட்டலங்களும். அருளப்பன் கறுப்புச் சட்டையில் இறங்கி வந்தார். சாக்கைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார்.

“சாக்கு எதுக்கு கண்டக்டரே? விழற கோலையெல்லாம் அள்ளிட்டுப் போகவா?”

“அவர் வண்டியில லக்கேஜ் சார்ஜ் உண்டுப்பா!”

கிருபாகரன் வந்திருந்தான். ஓடைமேட்டு கேப்டன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. அவன் முகம் அப்படி இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் அணிகள் வரிசையாக நின்றன. அருளப்பன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கை குலுக்கினார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முறை வந்தது.

“கிருபாகரன்.”

அவன் தலையை நிமிர்த்தினான். கையைக் கொடுத்தான்.

ஆட்டம் தொடங்கியது. பந்து கிருபாகரனிடம் வந்தபோதெல்லாம் மேடு “மஞ்சு! மஞ்சு!” என்று கத்தியது. அவன் பந்தைக் காலில் வைத்துக்கொள்ளவே இல்லை. சுட்டதுபோல உடனே தள்ளிவிட்டான். முதல் பாதியில் கோல் இல்லை.

இரண்டாம் பாதியில் தேயிலை மறைந்தது. பிறகு மரங்கள். மணிக்கூண்டு மறைந்தபோது ஓடைமேடு முன்னேறிக்கொண்டிருந்தது. பந்து சில்வர்காட்டு கோலை நோக்கிப் போனது. கிருபாகரன் இடப்பக்கம் ஓடினான். ஐசக் கையை விரித்து நின்றான்.

மஞ்சு ஐசக்கை எடுத்துக்கொண்டது. கோல் கம்பங்களை எடுத்துக்கொண்டது.

அருளப்பன் நீளமாக ஊதினார்.

யாரோ காலடிக்கு உருட்டிவிட்ட பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எல்லோரும் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வெள்ளை. குளிர் பூட்ஸின் வழியாக ஏறியது.

கால் தானாக எழுந்தது. எப்போதும்போல. ஒரு அடி வைத்தார்.

இடுப்பில் சாக்கு உரசியது.

வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்து நின்றார். சாக்கை உருவினார். மடிப்பைப் பிரித்துப் புல்லில் விரித்தார். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதும் நினைவு வந்தது.

உட்கார்ந்தார். பந்தை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மைதானத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உருளைக்கிழங்கு மண்ணின் வாசனை வந்தது. எங்கோ ஒரு இருமல். மேட்டில் ஒரு குழந்தை எதையோ கேட்டது, யாரோ அதட்டினார்கள். மாதா கோயில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசை இங்கே வரை வந்தது. இத்தனை வருஷம் அது கேட்டதில்லை.

“ஐசக்” என்று கூப்பிட்டார்.

மஞ்சு பேசாமல் இருந்தது.

“ஐசக்!”

“சார்?”

“இருக்கியா?”

“இருக்கேன், சார்.”

“ரத்தினம்.”

“இருக்கேன்.”

“மாணிக்கம்.”

“இருக்கேன் சார். பின்பக்கமெல்லாம் நனைஞ்சுபோச்சு.”

மஞ்சுக்குள் சிரிப்பு எழுந்தது. முன்னால், பின்னால், பக்கத்தில், தூரத்தில். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே அவருக்குத் தெரிந்தது.

“பெள்ளிராஜ்.”

“இருக்கேன். சண்டைக்கு வரல, பயப்படாதீங்க.”

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு குரலாக வந்தது. கட்டைக் குரல், கீச்சுக் குரல், பல் நடுங்கும் குரல். மேட்டில் பேச்சு அடங்கிவிட்டது. அங்கிருந்த வயதானவர்கள் யாரோ இருவர், பல வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டவர்கள்போல, “அடடா” என்றார்கள்.

“கிருபாகரன்.”

பதில் இல்லை.

அவர் காத்திருந்தார்.

“கிருபாகரன்.”

“இருக்கேன்.”

இடப்பக்கம், முன்னால். விசில் ஊதியபோது அவனை எங்கே பார்த்தாரோ அங்கே.

மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தார். தண்ணீர் சொட்டியது.

“சார்.”

அதே குரல்.

“என்ன, கிருபாகரன்?”

“நீங்க எங்கே இருக்கீங்க?”

“இங்கதான்.”

“இங்கன்னா?”

“ஊதின இடத்துலதான். உட்கார்ந்திருக்கேன்.”



“அதான் சத்தம் வரல” என்றது குரல்.

“என்ன சத்தம்?”

“உங்க பூட்ஸ் சத்தம். அன்னைக்கு நடந்துக்கிட்டே இருந்தீங்க, சார். ஈரத்துல சளக் சளக்குனு. எனக்குப் பின்னாடி, இடப்பக்கமா, நடுக்கோட்டுக் கொடிவரை போச்சு. திரும்பி வரவே இல்ல.”

அருளப்பன் அசையவில்லை.

அன்று கால் விறைத்துப்போய் நடக்கத் தொடங்கியது நினைவு வந்தது. மஞ்சு விலகியபோது, அருகே அந்த நடுக்கோட்டுக் கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. ஊதும்போது அந்தக் கொடி அருகில் இல்லை. அங்கே நின்றுதான் கோல் கம்பங்களைப் பார்த்தார். அவற்றுக்கு நடுவே, நேராக, ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஊதின இடத்திலிருந்து பார்த்திருந்தால் அவன் கம்பத்துக்கு வெளியேதான் இருந்திருப்பான்.

மடியில் பந்து கனத்தது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கிருபாகரன்.”

“நான் நகரலைன்னு சொன்னேன், சார்.” குரல் கொஞ்சம் தயங்கியது. “நீங்க நகர்ந்தீங்கன்னு எப்படிச் சார் சொல்றது?”

மஞ்சு எல்லோரையும் மூடியிருந்தது. யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

அருளப்பன் தலையை நிமிர்த்தி, மேடுவரை கேட்கும்படி, பேருந்தில் ஊர்ப்பெயர் சொல்லும் குரலில் சொன்னார்:

“அன்னைக்கு மஞ்சுல நகர்ந்தது கிருபாகரன் இல்ல. நான்.”

பதில் இல்லை. மைதானத்திலிருந்தும் இல்லை, மேட்டிலிருந்தும் இல்லை.

கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். கயிறு ஈரமாக இருந்தது. பந்தைப் பக்கத்தில் புல்லில் வைத்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார். சாக்கு சரசரத்தது.

“சார்” என்றது இடப்பக்கத்துக் குரல்.

அவர் அப்படியே நின்றார், பாதி எழுந்தபடி.

“எழுந்திரிக்காதீங்க. மஞ்சு இன்னும் விலகல.”